அங்கே மட்டும் இருப்பதைப் பார்க்க அந்தமான் போங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். நான் நங்கநல்லூரில் இருக்கிறேன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 62. என் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பள்ளிக்கரணைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பறவை பார்க்கப் பழக்கிவிட்டான். அவனை அந்தமானுக்குக் கூட்டிப்போக ஆசை. ஒரு ஏஜென்ட் 5 இரவு, 6 பகல் பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்: போர்ட் பிளேர், ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங். மே கடைசி வாரம் கிளம்பலாம் என்று நினைக்கிறோம். பேரன் எழுதிய பட்டியலையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்: நார்கொண்டம் இருவாச்சி, நிக்கோபார் புறா, கடற்பசு, முட்டையிடும் ஆமை, முதலை. இதெல்லாம் பார்க்க முடியுமா? கப்பலில் போனால் நன்றாக இருக்குமா? என் மனைவிக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. அவரும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: விடியற்காலையில் கிளம்பினால் காபி கிடைக்குமா?

பதில்: வணக்கம் சார். பட்டியலைப் பார்த்தேன். நார்கொண்டம் இருவாச்சிக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறான் உங்கள் பேரன். பதினெட்டு வருடமாகச் சென்னையிலிருந்து குடும்பங்களையும் பறவை ஆர்வலர்களையும் தீவுகளுக்குக் கூட்டிப்போகிறேன். பதின்மூன்று வயதில் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த பேக்கேஜ். ஆறு நாளில் ஆறு இடம். முதல் நாளில் பாதியும் கடைசி நாளில் பாதியும் விமானத்துக்குப் போய்விடும். மிச்ச நாட்களில் படகுத்துறையில் பெட்டியோடு காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது, அறை மாற்றுவது. காட்டின் ஓரத்தில் ஒரு காலைப்பொழுதுகூட அதில் இல்லை. பறவைகள் பேசுவதும் தின்பதும் திரிவதும் விடிந்ததும் முதல் மூன்று மணி நேரம்தான். அந்த மூன்று மணி நேரத்தை பேக்கேஜ்காரர்கள் ஹோட்டல் டிபனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தேனிலவுத் தம்பதிக்கு அது சரியான திட்டமாக இருக்கலாம். உங்கள் பேரனுக்குச் சரியானதல்ல.

நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் முதலில் சொல்வது இதுதான்: இங்கே இருப்பதை இங்கேயே பாருங்கள், அங்கே மட்டும் இருப்பதைப் பார்க்க அங்கே போங்கள். ராஸ் தீவில் புள்ளிமான்களும் மயில்களும் சுற்றுலாப் பயணிகளின் காலடியில் திரியும். கையால் ஊட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். புள்ளிமான் அந்தமானின் சொந்த விலங்கல்ல சார். வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டது. அதைப் பிடித்துத் தின்ன அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகி, தீவு தீவாக நீந்திப்போய், முளைத்து வரும் கன்றுகளையெல்லாம் மேய்ந்து காட்டின் அடித்தளத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது. புள்ளிமான் பார்க்க வேண்டுமானால் கிண்டி இருக்கிறது. நங்கநல்லூரிலிருந்து இருபது நிமிடம்.

அப்படியானால் அங்கே மட்டும் இருப்பது எது? அந்தமான் என்பது மியான்மரின் அராக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, மறுபடி தலை நீட்டியதுபோன்ற இடம். நிக்கோபாரையும், சின்னத் திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து அரசுக் கணக்கில் 836 தீவுகள். மக்கள் வசிப்பது அதில் ஏறத்தாழ முப்பதில். நம் ஆட்சிக்குள் இருந்தாலும் காடு நம்முடையதுபோல இருக்காது. தென்கிழக்காசியாவின் சாயல்தான் அதிகம். பெரிய விலங்கு எதுவும் நீந்தி வந்து சேர முடியாத தூரம். அதனால் அந்தமான் காட்டில் குரங்கு இல்லை, நரி இல்லை, கரடி இல்லை. காட்டுப்பன்றி, மரநாய், வௌவால், எலி, மூஞ்சூறு, அவ்வளவுதான். இதைப் பேரனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெரிய மிருகத்தை எதிர்பார்த்துப் போகிற பிள்ளை இரண்டாம் நாளே சோர்ந்துவிடும்.

ஆனால் பறக்கத் தெரிந்தவை வந்து சேர்ந்தன. சேர்ந்தவை தனித்துப்போய், தலைமுறை தலைமுறையாக மாறி, வேறு எங்கும் இல்லாத இனங்களாகிவிட்டன. இருபதுக்கு மேற்பட்ட பறவைகள் இந்தத் தீவுகளைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் பாம்புக்கழுகு, அந்தமான் வால்காக்கை, அந்தமான் கரிச்சான், அந்தமான் காட்டுப்புறா, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தமான் கிளுவை வாத்து, அப்புறம் ஆந்தைகள். உங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் செம்போத்து கூவும் இல்லையா? உடம்பு கருப்பு, இறக்கை செம்பழுப்பு. அந்தமான் செம்போத்துக்கு அந்தக் கருப்பே இல்லை, தலை முதல் வயிறு வரை மங்கிய பழுப்பு. தெரிந்த பறவை வேறு உடையில் வந்து நின்றதுபோல இருக்கும். பள்ளிக்கரணையில் பழகிய பிள்ளைக்கு இந்த ஒப்பீடுதான் பெரிய விருந்து.

இனி அவன் பட்டியலுக்கு வருகிறேன்.

நார்கொண்டம் இருவாச்சியை இந்தப் பயணத்தில் பார்க்க முடியாது. நார்கொண்டம் ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலைத் தீவு. அந்தப் பறவை உலகத்திலேயே அந்த ஒரு தீவில்தான் வாழ்கிறது. அங்கே காவல்துறை முகாம் ஒன்று இருக்கிறது, சுற்றுலா கிடையாது, இறங்கத் தனி அனுமதி வேண்டும். ஆனால் பேரனிடம் ஒரு செய்தி சொல்லுங்கள்: அந்தத் தீவில் ரேடார் நிலையம் வைக்கும் திட்டத்தை 2012-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்தப் பறவையை முன்னிட்டு மறுத்தது. 2014-இல் அதே திட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். பார்க்க முடியாவிட்டாலும் அந்தப் பறவை அங்கே இன்னும் இருப்பது நல்ல சேதிதான். இருவாச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் வால்பாறைக்குக் கூட்டிப்போங்கள், அது வேறு இனம், ஆனால் இருவாச்சி.

நிக்கோபார் புறா பெரும்பாலும் நிக்கோபார் தீவுகளில். அங்கே பெரும்பகுதி பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, சுற்றுலாவுக்குத் திறந்ததல்ல. தெற்குக் கோடியிலுள்ள கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா என்று ஒரு விரிகுடா உண்டு. உலகிலேயே மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை வந்து முட்டையிடும் கரை அது. அங்கே பெரிய துறைமுகம் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். 130 சதுர கிலோமீட்டர் காடு அந்தத் திட்டத்துக்குப் போகிறது. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது. அந்தக் கரையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று உங்களிடம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

கடற்பசுவை நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அந்தமானின் மாநில விலங்கே அதுதான். நீல், ஹேவ்லாக் பக்கத்துக் கடற்புல் மேடுகளில் மேயும். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இரண்டு முறை. முதுகு ஒன்று மேலே வந்து, மூச்சு விட்டு, மூழ்கியது, அவ்வளவுதான். இதைப் பட்டியலில் எழுதலாம், திட்டத்தில் எழுதக் கூடாது. நம் பாக் விரிகுடாவிலும் அது இருக்கிறது. அதற்காகவே 2022-இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியைக் காப்பகமாக அறிவித்தது.

ஆமையா? ஆமை உங்கள் பக்கத்திலேயே வருகிறது சார்! வட அந்தமானில் காளிப்பூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடும், உண்மைதான். ஆனால் அங்கே போக ஒரு முழு நாள், திரும்ப ஒரு முழு நாள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988-லிருந்து இரவு இரவாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றிப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துப்போகிறார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு பேரனோடு நடந்துவிடுங்கள். ஏழு கிலோமீட்டர், மணலில். உங்கள் மனைவிக்கு அது முடியாது. அவருக்குக் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையைக் காட்டுங்கள், மார்ச் கடைசியில் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

முதலையை மட்டும் தேடிப் போக வேண்டாம் என்கிறேன். அந்தமான் சதுப்பு ஓடைகளில் உவர்நீர் முதலை உண்டு, கடலிலும் நீந்தும். 2010-இல் ஹேவ்லாக் கடற்கரை ஒன்றில் ஒரு சுற்றுலாப் பயணியைக் கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கணுக்கால்கூட நனைக்கக் கூடாது, ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் கூடாது. இதில் தாத்தாவின் செல்லம் செல்லாது. முதலையைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை இருக்கிறது.

பாராடாங் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். உங்கள் ஏஜென்டின் தாளில் அந்த நாளுக்கு நேராக ‘பழங்குடியினரைக் காணும் வாய்ப்பு’ என்று இருக்கிறது. அந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்கு நடுவே போகிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரத்தில் காவலோடு அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனைகூடக் கிடைக்கலாம். ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். 1990-களின் கடைசியில்தான் வெளியாரோடு பழக ஆரம்பித்தார்கள். 1999-இல் தட்டம்மை வந்தது, 2006-இல் மறுபடி வந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றமே அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொன்னது. இன்றும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மனிதர்களை ஜன்னல் வழியாகப் பார்க்கும் பயணத்துக்கு நான் யாரையும் கூட்டிப்போவதில்லை. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத்தானே போகிறோம் என்பீர்கள். அதற்காக விடிவதற்கு முன்பே எழுந்து அந்தக் காட்டைக் கடந்து போய், அதே வழியில் திரும்ப வேண்டும். அந்தக் காலைப்பொழுதை உங்கள் பேரனுக்கு வேறு விதமாகக் கொடுக்கலாம்.

சரி, என் திட்டம் இது. எட்டு இரவு, நான்கே இடம். முதல் மூன்று இரவு சிடியா டாபு பக்கம், அடுத்த இரண்டு வண்டூர், பிறகு இரண்டு இரவு நீல், கடைசி இரவு போர்ட் பிளேர். டிக்கெட்டில் பெயர் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம்: நீல் இப்போது ஷஹீத் தீவு, ஹேவ்லாக் சுவராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். நீலிலிருந்து திரும்பிய அன்றே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், யாரைக் கேட்டும் பயனில்லை. நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஐந்து பேருக்கு விமான டிக்கெட் போயிற்று, அதில் ஒருவர் வயதான அம்மா, இரவு முழுக்கப் படகுத்துறையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து கடைசி இரவை நகரத்தில் வைக்காமல் நான் திட்டம் போடுவதில்லை.

சிடியா டாபு நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர், தென் அந்தமானின் தெற்கு முனை. பெயருக்குப் பறவைத் தீவு என்று அர்த்தம். தனித் தீவல்ல, சாலை வழியாகவே போகலாம். அந்தச் சாலைதான் உங்களுக்கு வேண்டியது. இரண்டு பக்கமும் நெடிய மரங்கள், ஒரு பக்கம் கடல் எட்டிப்பார்க்கும். வண்டியை நிறுத்தி, இறங்கி, பத்தடி நடந்து நின்றால் போதும். உங்கள் மனைவி வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பாதிப் பறவைகளைப் பார்த்துவிடுவார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அங்கேயும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நமக்குச் சுமார் ஐம்பது நிமிடம் முன்னால் வேலைக்கு வந்துவிடும். ஏப்ரல் கடைசியில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதனால் நாலரைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும். ஓட்டுநரிடம் முதல் நாள் இரவே சொல்லி, மறுபடி ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

விடியலில் முதலில் கேட்பது மரங்கொத்தியாக இருக்கலாம். அந்தமான் மரங்கொத்தி காக்கை அளவு பெரியது, உடல் முழுக்கக் கருப்பு, கொண்டை நல்ல சிவப்பு. பட்டுப்போன மரத்தில் அது தட்டினால் யாரோ கதவைத் தட்டுவதுபோலக் காடு முழுக்கக் கேட்கும். ஆறரை மணிக்கு மேல் வெயில் ஏறியதும் மேலே பார்ப்பதை விட்டுவிட்டுக் கடலோரத் தாழம்புதர்ப் பக்கம் பேரனைக் கூட்டிப்போங்கள். தாழை மடலில் ஒரு பல்லி இருக்கும். நம் வீட்டுப் பல்லி இரவில்தானே வரும்? இது பகல் பல்லி. வாழைக்குருத்தின் பச்சை, முதுகில் குங்குமம் தெறித்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள். அசையாமல் நின்றால் ஒரு முழத் தூரம் வரை விடும். நாக்கை நீட்டித் தன் கண்ணையே துடைத்துக்கொள்ளும், இமை கிடையாது. இதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது மடகாஸ்கர் பக்கம், இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில். இத்தனை கடலைத் தாண்டி இந்தக் குட்டிப் பல்லி எப்படி வந்து சேர்ந்தது என்று பேரன் கேட்பான். கேட்கட்டும். நான் கூட்டிப்போன பிள்ளைகளில் பலர் ஊருக்குத் திரும்பிய பிறகும் பேசியது இந்தப் பல்லியைப் பற்றித்தான்.

மாலையில் அதே இடத்துக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் வரும். ஐந்தேமுக்காலுக்குக் கடைசி வேனும் கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். அப்போதுதான் ஆந்தைகளின் நேரம். வேட்டைக்கார ஆந்தை வகையிலேயே இரண்டு, சிறு கொம்பு ஆந்தை, கூடவே ஆந்தையல்லாத இரவுப் பறவையான பக்கி. உள்ளூர்ப் பறவை வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும், இந்த மூன்று நாளுக்காவது. சிலர் செல்போனில் ஆந்தைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பறவையை வரவழைப்பார்கள். தன் எல்லைக்குள் வேறு ஒன்று வந்துவிட்டதென்று அது பதறிப்போய் வருகிறது. ஒருமுறை போதும், அல்லது வேண்டாமே என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பெரியவர் சொன்னால் கேட்பார்கள்.

வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் என்று ஓர் இடம். 2004 சுனாமிக்கு முன்னால் வயல். நிலநடுக்கத்தில் தென் அந்தமான் தாழ்ந்தது, கடல்நீர் உள்ளே வந்து தங்கிவிட்டது. விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். இன்று அது சதுப்பு நிலம், அந்தமான் கிளுவையைப் பார்க்க நல்ல இடங்களில் ஒன்று. சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். பள்ளிக்கரணையில் கண்ட நாமக்கோழியும் நெட்டைக்காலியும் வேண்டாம், கிளுவையை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, 1983-இல் அறிவித்தது. அங்கிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு. வருடத்தில் பாதி ஜாலி பாய், பாதி ரெட் ஸ்கின் என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள், பவளத்துக்கு ஓய்வு கொடுக்க. ஏப்ரலில் ஜாலி பாய் திறந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக் பொருளோடு படகில் ஏற்ற மாட்டார்கள், பையைச் சோதிப்பார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள். கண்ணாடி அடித்தளப் படகு இருப்பதால் மனைவியும் பவளத்தைப் பார்க்கலாம். ஆனால் தீவில் படகுத்துறை கிடையாது, தண்ணீரில் கால் வைத்து இறங்க வேண்டும். மூட்டுவலிக்குக் கொஞ்சம் சிரமம், ஒரு கை பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது. சில இடங்களில் சாம்பல் நிறத்தில் எலும்புபோலக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அதையும் பேரனுக்குக் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். முகமூடி போட்டு நீந்தும்போது பவளத்தின் மேல் காலூன்றாதே என்று தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். கிரீம் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது, வெயிலுக்கும் கடலுக்கும்.

நீல், ஹேவ்லாக் இரண்டில் ஒன்று போதும் என்றால் என் ஓட்டு நீலுக்கு. சின்னத் தீவு, சமதளம், ஆட்டோவிலேயே சுற்றிவிடலாம். கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் தண்ணீர் தங்கும். கடல்அட்டை, நட்சத்திர மீன், சில சமயம் சின்ன ஆக்டோபஸ்கூட அகப்படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் உள்வாங்கும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் வீட்டுக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள், அந்த இரண்டு நாள் நீலில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சில வழிகாட்டிகள் கடல்அட்டையைக் கையில் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குனிந்து பார்த்தாலே எல்லாம் தெரியும்.

சங்கு, சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுக்கக் கூடாது. செத்த பவளமும் வனவிலங்குச் சட்டத்தில் அடக்கம், விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்துவிடும். சட்டத்தை விடுங்கள், ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு வந்த ஒரு சிறுமி யாருக்கும் தெரியாமல் நாற்பது சங்குகளைப் பையில் போட்டு அறைக்குக் கொண்டுவந்திருந்தாள். நடுராத்திரி சிமென்ட் தரையில் டொக் டொக் என்று சத்தம். விளக்கைப் போட்டால் அறை முழுக்கச் சங்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. அத்தனையிலும் துறவி நண்டு. காலியான சங்குதான் அதற்கு வீடு. நாம் பொறுக்கிக்கொண்டு வந்தால் வளரும் நண்டுக்கு அடுத்த வீடு இல்லை. அந்தப் பிள்ளையும் அவள் அப்பாவும் டார்ச் அடித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டு வந்தார்கள்.

தேதி. மே கடைசி வாரம் கட்டாயம் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே அந்தமானைத் தொடும், வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில். கடல் கொந்தளிக்கும், படகு நிற்கும். முழுப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் கிளம்பி மே முதல் வாரத்தில் திரும்பிவிடுங்கள். வெயில் இருக்கும், புழுக்கமும் இருக்கும். ஆனால் கடல் பெரும்பாலும் அமைதி, தண்ணீர் தெளிவு, உள்ளூர்ப் பறவைகள் குரல் கொடுக்கும் காலம். குளிர்காலத்தில் போனால் வலசை வரும் பறவைகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். அவற்றில் பலவற்றை உங்கள் பேரன் பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே புயல் வரக்கூடிய மாதங்கள்தான், அதற்காகத்தான் அந்த ஒரு உபரி இரவு.

கப்பல் எனக்குப் பிடிக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய மூன்று நாள். மேல்தளத்தில் நின்றால் பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீரைத் தொடாமல் நீண்ட தூரம் போய் விழும். மூன்றாம் நாள் காலையில் தீவு தெரிவதற்கு முன்பே பறவைகள் தென்பட ஆரம்பிக்கும். ஆனால் மாதத்துக்குச் சில நடைகள்தான், தேதி தள்ளிப்போகும், படிக்கட்டுகள் செங்குத்து. மூட்டுவலிக்காரரோடும் பள்ளி விடுமுறைக் கணக்கோடும் இது ஒத்துவராது. இரண்டு வழியும் விமானத்தில் போங்கள், இரண்டு மணி நேரம்தான். கப்பலைப் பேரன் கல்லூரிக்குப் போன பிறகு நண்பர்களோடு போகட்டும்.

மொழிக் கவலை வேண்டாம், போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் பாதிக் கடைகளில் தமிழிலேயே பேசலாம். செல்லுலர் சிறைக்குக் கடைசி நாள் மாலை போதும், ஆனால் போகாமல் வராதீர்கள். பைனாகுலர் எட்டுக்கு நாற்பத்திரண்டு ஒன்று இருந்தால் மூவருக்கும் போதும். பிபி, சர்க்கரை மாத்திரைகளை எட்டு நாளுக்கல்ல, பன்னிரண்டு நாளுக்கு எடுத்துப்போங்கள். கடற்கரையில் மணல் ஈ கடிக்கும், அரிப்பு ஒரு வாரம் போகாது. முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். நீலில் ஏடிஎம்மை நம்பாமல் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வி. நாலரை மணிக்குச் சிடியா டாபு சாலையில் எந்தக் கடையும் திறந்திருக்காது. ஹோட்டலிலும் ஆறு மணிக்கு முன் கிடைக்காது. அதனால் வீட்டிலிருந்து ஒரு நல்ல பிளாஸ்க், சின்ன மின்சாரக் கெட்டில், டிகாக்ஷன் போட ஃபில்டர், அரைக் கிலோ காபித்தூள் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பால் முந்தின நாள் மாலையே வாங்கி அறையில் வைத்துவிடலாம். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து ஐந்து டம்ளர் கொள்கிற பிளாஸ்க்காக இருக்கட்டும்.